கூலி என்றால் சாப்பிடு: மொராக்கோ குடும்பத்தோடு தங்கப்போகும் புதிய தொண்டருக்கு

மொராக்கோவில் என் முதல் வாரத்தில் காதில் அதிகம் விழுந்த சொல் 'கூலி'. தட்டுக்கு எதிர்ப்புறமிருந்து வீட்டு அம்மா சொல்வார், பாட்டி சொல்வார், எட்டு வயதுச் சிறுமியும் சொல்வாள்: கூலி, கூலி. அங்கே பேசும் தாரிஜா அரபியில் பெண்ணைப் பார்த்துச் 'சாப்பிடு' என்பதற்கு அதுதான் சொல். ஆண் என்றால் 'கூல்'. சம்பளமில்லாத தொண்டு வேலைக்குப் போனவளுக்கு வேளை தவறாமல் கிடைத்த கூலி அது ஒன்றுதான்.

நான் தங்கியது ஃபெஸ் நகருக்குத் தெற்கே, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸெஃப்ரூ என்ற மலையடிவார ஊரில். செர்ரிப் பழத் திருவிழாவுக்குப் பெயர்போனது. 2012-இல் யுனெஸ்கோ அந்தத் திருவிழாவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊரின் இளைஞர் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லித்தருவது என் வேலை. நீங்கள் காஸாபிளாங்காவின் அடுக்குமாடியிலோ அட்லஸ் மலைக் கிராமத்திலோ தங்கினால் விவரங்கள் சில மாறும். மாறாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நீங்கள் உங்கள் பெயரில் வாழப்போவதில்லை, அந்தக் குடும்பத்தின் பெயரில் வாழப்போகிறீர்கள். தெருவுக்கு நீங்கள் 'இன்னார் வீட்டுப் பெண்' அல்லது 'இன்னார் வீட்டுப் பையன்'. நீங்கள் செய்யும் நல்லதும் கெட்டதும் அந்த வீட்டுக் கணக்கில்தான் ஏறும்.

புறப்படும் முன்

மொராக்கோ என்றதும் பாலைவன வெயில் என்று நினைத்துக்கொண்டு பருத்தி ஆடைகளாக அடுக்கினேன். டிசம்பரில் அழுதேன். மலைப்பக்கத்து ஊர்களில் குளிர் எலும்பைத் தொடும். பெரும்பாலான வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. தரையெல்லாம் ஓடு, சுவரெல்லாம் ஈரக் குளிர். கம்பளிக் காலுறை, வீட்டுக்குள் போடும் செருப்பு, கழுத்துவரை மூடும் ஸ்வெட்டர் ஆகியவை கட்டாயம். தொளதொளப்பான இரவு உடை இரண்டு செட் வேண்டும். பெண்கள் வீட்டில் நாள் முழுவதும் அதில்தான் இருப்பார்கள். வெளியே போக வேண்டுமென்றால் அதன்மேல் ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

விசா காலத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குவதென்றால் வசிப்பிட அட்டைக்குக் காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தெந்தத் தாள்கள் தேவை என்பதை உங்களை அழைக்கும் அமைப்பிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திர்ஹம் பணத்தை வெளிநாட்டில் மாற்றிக்கொண்டு போகலாம் என்று அலைய வேண்டாம். அது நாட்டுக்கு உள்ளேயே புழங்கும் பணம். போய் இறங்கி ஏடிஎம்மில் எடுப்பதுதான் வழி.

குடும்பத்துக்கு எவ்வளவு பணம், யார் வழியாக, மாதத்தின் எந்த நாளில் என்பதையும் அமைப்பே பேசி முடித்திருக்க வேண்டும். நீங்களே அம்மாவின் கையில் நோட்டை நீட்டினால் அவர் வாங்கவும் மாட்டார், அன்று மாலை வரை முகம் கொடுத்துப் பேசவும் மாட்டார்.

மொழி: கொஞ்சம்போல, ஆனால் சரியானது

செயலியில் நான் கற்றுப்போன அரபி செய்தி வாசிப்பாளரின் அரபி. வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் சிரித்தார்கள். நம் வீட்டுக்கு வந்த ஒருவர் 'யான் உண்டி அருந்தினேன்' என்றால் எப்படி இருக்கும்? அப்படி. தாரிஜாவில் 'இரண்டு' கூட வேறு சொல்: ஜூஜ். பள்ளி, அலுவலகம், மருந்துக் கடை என்றால் பாதிப் பேச்சு பிரெஞ்சு. ஸெஃப்ரூவைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுமொழி, பெர்பர் என்றும் சொல்லப்படும் அமாஸிக்காகவும் இருக்கும். 2011 அரசியலமைப்பு அதையும் ஆட்சிமொழி ஆக்கியது. அரசுக் கட்டடங்களில் வட்டமும் கோடுமாகத் தெரியும் விசித்திர எழுத்து அதன் திஃபினாக் எழுத்துதான்.

முதல் நாளுக்கு இவ்வளவு போதும். 'லாபாஸ்?' என்று நலம் கேட்பார்கள்; 'லாபாஸ், ல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள். கேள்வி முடியாது. அம்மா நலமா, அப்பா நலமா, ஊர் நலமா என்று போகும். பதில் முக்கியமில்லை, கேட்பதுதான் முக்கியம். 'அஃபாக்' என்றால் தயவுசெய்து. 'வாக்கா' என்றால் சரி. 'ஸாஃபி' என்றால் போதும். யாராவது குளித்துவிட்டு வந்தாலோ, முடி வெட்டிக்கொண்டாலோ, புதுச்சட்டை போட்டாலோ 'ப்ஸஹா' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல்லைச் சரியான நேரத்தில் சொன்னதற்குப் பாட்டி எனக்கு முத்தமே கொடுத்தார்.

உறவுச் சொற்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம் பேசும் தொண்டர்கள் திணறும் இடம் இது. அம்மாவின் சகோதரி 'கால்தி', அப்பாவின் சகோதரி 'அம்தி'. அம்மாவின் சகோதரன் 'காலி', அப்பாவின் சகோதரன் 'அம்மி'. சித்தியையும் அத்தையையும், மாமாவையும் சித்தப்பாவையும் பிரித்தே அழைத்து வளர்ந்தவர்களுக்கு இது பத்து நிமிடப் பாடம். தெருவில் பார்க்கும் வயதான பெண்மணியைக் 'கால்தி' என்று கூப்பிட்டால் போதும், காய்கறியின் விலை குறையாவிட்டாலும் முகம் மலரும்.

வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் அனுப்பும் செய்திகளில் சொற்களுக்கு நடுவே 3, 7, 9 என்று எண்கள் வரும். தட்டச்சுப் பிழை அல்ல. ரோமன் எழுத்தில் இல்லாத அரபி ஒலிகளுக்கு அந்த எண்களை எழுத்தாக வைத்திருக்கிறார்கள். காபியைக் குறிக்கும் 'கஹ்வா' 9 என்ற எண்ணில் தொடங்கும்.

முதல் மூன்று நாள்: சும்மா இருங்கள்

வந்த அன்றே பாத்திரம் தேய்க்க எழுந்திருக்காதீர்கள். முதல் சில நாள் நீங்கள் விருந்தாளி. விருந்தாளியை வேலை செய்யவிட்டால் வீட்டுக்கு 'ஹ்ஷூமா', அதாவது வெட்கக்கேடு. இந்தச் சொல்லை நன்றாக நினைவில் வையுங்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நம் வீட்டில் சொல்வதை அவர்கள் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

வெளிச்செருப்பை வாசலில் கழற்றுங்கள். நீண்ட மெத்தை இருக்கைகள் சுவரோரமாக ஓடும் கூடத்தில் உட்கார வைப்பார்கள். பல வீடுகளில் இரவில் அதுவே படுக்கை. கையில் ஏதாவது கொண்டுபோங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கை நான் நீட்ட, மிளகாய்க் காரத்தில் பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினார்கள். மொராக்கோ சமையலில் சீரகம், இஞ்சி, குங்குமப்பூ எல்லாம் உண்டு; காரம் குறைவு. கடலை மிட்டாய் தப்பித்தது. அங்கேயே வாங்குவதென்றால் கூம்பு வடிவில் தாளில் சுற்றி விற்கும் சர்க்கரைக் கட்டி நல்ல வழி. கல்யாணமோ துக்கமோ, ஒரு வீட்டுக்கு அதை எடுத்துப்போவது அங்கே பழைய வழக்கம்.

நான்காம் ஐந்தாம் நாளில் மெதுவாகச் சமையலறைக்குள் நுழையுங்கள். 'உதவட்டுமா' என்று கேட்டால் 'உட்கார்' என்பார்கள். கேட்காமல் பட்டாணியை உரிக்க ஆரம்பித்தால் யாரும் தடுப்பதில்லை. எனக்கு முதலில் கிடைத்த பொறுப்பு, பிசைந்த மாவு உருண்டைகளைப் பலகையில் அடுக்கித் தெருக்கோடியிலிருந்த 'ஃபர்ரான்' என்னும் பொது அடுப்புக்குக் கொண்டுபோவது. இருபது வீட்டு ரொட்டி ஒன்றாக வேகும் இடம். எது யாருடையது என்று அடுப்புக்காரர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ! நான்காம் தடவை போனபோது என் பெயரைக் கேட்காமலே எங்கள் பலகையை எடுத்துக் கொடுத்தார். ஊரில் எனக்கு முகவரி கிடைத்தது அன்றுதான்.

ஒரு தட்டு, பல கைகள்

நடுவில் ஒரே பெரிய தட்டு. சுற்றி எல்லோரும். கையைக் கழுவி, 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்குவார்கள். வலக்கையால் சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை என்று நான் துணிச்சலோடு இறங்கினேன், அங்கேதான் தவறு. நம்மைப் போல் பிசைந்து உருட்டுவதில்லை. ரொட்டித் துண்டை மூன்று விரலால் பிடித்து, அதனாலேயே காயையும் குழம்பையும் ஒற்றி எடுக்க வேண்டும். ரொட்டிதான் அங்கே கரண்டி. உங்களுக்கு நேர் முன்னால் இருக்கும் பகுதி மட்டுமே உங்களுடையது. பக்கத்துக்காரர் எல்லைக்குள் போகக் கூடாது. இறைச்சி நடுவில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். காய் தீர்ந்தபின் அம்மாவே பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார். விருந்தாளி முன்னால் இரண்டு பங்கு விழும்.

ரொட்டித் துண்டு தரையில் கிடந்தால் மிதிக்காமல் எடுத்து ஓரமாக வைப்பார்கள், சிலர் முத்தமிட்டும் வைப்பார்கள். காய்ந்த ரொட்டி குப்பைக்குப் போகாது. தனிப் பையில் சேர்ந்து ஆடு மாடுகளுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை மதியம் குஸ்குஸ். தொழுகை முடிந்து ஆண்கள் வரும்போது ரவை போன்ற மணிகள் மலைபோல் குவிந்து, மேலே பூசணி, காரட், டர்னிப், கொண்டைக்கடலை எல்லாம் அடுக்கியிருக்கும். அன்று காலையில் யாரையும் பார்க்க நேரம் கேட்காதீர்கள். மதியத்தில் கடைகள் பலவும் மூடியிருக்கும். குஸ்குஸோடு 'ல்பன்' என்று ஒரு கோப்பை தருவார்கள். மோர்தான். எனக்கு அன்று கண் கலங்கியதற்குக் காரணம் அந்த மோர்.

சைவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. 'மா கனாகுல்ஷ் ல்லஹம்' என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். உடனே கோழி வரும், ஏனென்றால் 'லஹம்' என்றால் பலருக்கு ஆடும் மாடும்தான். கோழி, மீன் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அப்படியும் காய்கள் இறைச்சியோடு ஒரே தஜீன் சட்டியில் வெந்திருக்கும். இதைத் தாங்க முடியாதவர்கள் வந்த பிறகு அம்மாவோடு மல்லுக்கட்டாமல், குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். பயறு, வெள்ளை அவரை, கத்தரிக்காய் மசியல் என்று நல்ல சைவம் அங்கே தாராளமாக உண்டு.

சாப்பாட்டு நேரம் பழகச் சற்று நாளாகும். மதியச் சாப்பாடுதான் பெரியது. மாலை ஆறு மணிவாக்கில் 'காஸ்க்ரூத்': புதினாத் தேநீர், மடித்துச் சுட்ட ம்ஸம்மன் ரொட்டி, ஆலிவ் எண்ணெய். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கும் தாண்டும். மாலையில் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு துண்டோடு எழுந்தால் நாலு மணிநேரம் வயிறு கூப்பிடும். போதும் என்பதற்கு நெஞ்சில் கைவைத்து 'ல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறைதான் நம்புவார்கள்.

ஹம்மாம்

வாரம் ஒருமுறை பொதுக் குளியலறைக்குப் போவார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள். முதல் தடவை நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லித் தப்பித்தேன். அது மடத்தனம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அதற்குப்பின் வரும் தூக்கமும் தெரிந்தவர்களுக்கு ஹம்மாம் எட்டத்துச் சொந்தம்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி நேரமோ தனித்தனிக் கூடமோ இருக்கும். ஒரு வாளி, தண்ணீர் மொள்ளச் சிறு கிண்ணம், உட்காரப் பாய் அல்லது முக்காலி, துண்டு, மாற்று உள்ளாடை, சீப்பு ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். ஆலிவிலிருந்து செய்த களிம்பு போன்ற 'ஸாபூன் பெல்தி', தேய்க்க 'கீஸ்' என்ற சொரசொரப்பான கையுறை, தலைக்கு 'கசூல்' களிமண் ஆகியவற்றைச் சந்தையில் வாங்கலாம். உள்ளே எல்லோரும் கீழ் உள்ளாடையோடு மட்டும் இருப்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நீங்கள் மேலே மூடிக்கொண்டால்தான் பார்ப்பார்கள்.

முதலில் சூடு அதிகமான கடைசி அறைக்குப் போய் இடம் பிடிப்பார்கள். தண்ணீரைக் கலந்து ஊற்றி, சோப்பைப் பூசி, பத்து நிமிடம் ஆவியில் ஊற வேண்டும். பிறகு கீஸ். அழுத்தித் தேய்த்தால் சேமியா போல அழுக்கு உருண்டு வரும். வெட்கப்படாதீர்கள், எல்லோருக்கும் வரும். என் முதுகிலிருந்து வந்ததைப் பார்த்து அம்மா இந்தியாவிலிருந்து இதைக் கூடவே கொண்டுவந்தாயா என்று கேட்டார். உங்கள் முதுகை ஒருவர் தேய்த்தால் அவர் முதுகை நீங்கள் தேய்க்க வேண்டும், இது எழுதாச் சட்டம். அடுத்தவர் நிரப்பிவைத்த வாளியைத் தொடக் கூடாது. உங்கள் அழுக்குத் தண்ணீர் அவர் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் வெளியறைக்கு வந்து ஓர் ஆரஞ்சைத் தின்னுங்கள். இரண்டு மணிநேரம் ஆகும். அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக் குளியலறையைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல வீடுகளில் தண்ணீரைச் சுடவைப்பது சிலிண்டரில் ஓடும் கேஸ் ஹீட்டர். அது குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால், எவ்வளவு குளிராக இருந்தாலும் சன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் குளியுங்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

தெருவும் வீட்டின் பெயரும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெஸ் போனேன். திரும்புவதற்குள் இருட்டிவிட்டது, கைபேசியில் உயிரில்லை. 'கிராண்ட் டாக்ஸி' எனப்படும் பங்கு டாக்ஸி ஆறு பேர் நிரம்பினால்தான் நகரும். ஐந்து பேரோடு ஒரு மணிநேரம் நின்றோம். வீட்டை அடைந்தபோது மணி பத்து. அம்மா தெருவாசலில், ஜெல்லாபாவின் தலைமூடியைப் போட்டுக்கொண்டு குளிரில் நின்றிருந்தார். திட்டவில்லை. மறுநாள் ரொட்டிக்குப் போன இடத்தில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள், உன் அம்மாவை ஏன் இரவில் வாசலில் நிற்கவைத்தாய் என்று. என்னைக் கேட்டது இரண்டு பேர். அவரைக் கேட்டது எத்தனை பேரோ.

அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் எளியது. எங்கே போகிறேன், யாரோடு, எப்போது வருவேன் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். பங்கு டாக்ஸியில் அவசரமானால் காலியாக உள்ள இடத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கலாம். முன்னால் இரண்டு பேரை உட்காரவைக்கும் பழைய வண்டி என்றால், அந்த இரண்டு இடத்தையும் வாங்கிக்கொண்டால் பெண்களுக்கு நெரிசலில்லாத பயணம். ஊருக்குள் ஓடும் சிறு டாக்ஸியில் மூன்று பேர்வரைதான்.

அக்கம்பக்கத்தை முழுக்க அறிந்த 'மொகத்தம்' என்ற கீழ்நிலை அரசு அலுவலர் ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உண்டு. நீங்கள் அவரைச் சந்திக்கும் முன்பே உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டவர் வீட்டில் தங்குவதைக் குடும்பம் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். கடவுச்சீட்டு நகலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

சந்தையில் விலை கேட்டால் வயதானவர்கள் 'ரியால்' கணக்கில் சொல்வார்கள். ரியால் நோட்டு எங்கும் கிடையாது. இருபது ரியால் ஒரு திர்ஹம். 'நூறு' என்றால் பதறாதீர்கள், ஐந்து திர்ஹம்தான்.

இந்தியர் என்று தெரிந்ததும் ஷாருக் கானும் அமிதாப் பச்சனும் வந்துவிடுவார்கள். இந்திப் படங்கள் அங்கே தலைமுறைகளாக ஓடியவை. பாட்டிக்கு வரியே புரியாமல் பாட்டு தெரியும். என் மொழி வேறு என்று விளக்கியதில் நான் வென்றதே இல்லை. 'அனா ஹிந்தியா' என்று அறிமுகம் செய்துகொண்டபோது வகுப்பே சிரித்தது. நான் இந்தியப் பெண் என்று சொன்னேன். சப்பாத்திக் கள்ளிப் பழத்துக்கும் அங்கே அதே பெயர்.

சிரிப்பில்லாத கேள்விகளும் வரும். கல்யாணம் ஆயிற்றா, முஸ்லிமா, இல்லையென்றால் ஏன் இல்லை? பெரும்பாலும் அன்பில் கேட்பதுதான். 'குல் வாஹத் உ தீனு', அவரவர்க்கு அவரவர் மதம் என்று சொல்லிச் சிரித்துவிடுங்கள். மத மாற்றப் பேச்சு சட்டப்படி குற்றமாகலாம். அரசர், இஸ்லாம், மொராக்கோ தனதென்று சொல்லும் மேற்கு சஹாரா ஆகிய மூன்றையும் பற்றி விவாதிக்க வேண்டாம். உங்கள் வாயில் வந்த சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் வீட்டு அப்பாவாக இருப்பார். தெருவில் பெண்களைச் சீண்டும் குரல்களும் உண்டு. பதில் பேசாமல் நடந்து, பக்கத்திலுள்ள ஏதாவது கடைக்குள் நுழைந்து அங்குள்ள பெண்ணைக் 'கால்தி' என்று கூப்பிடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். நகரங்களில் காவல்துறைக்கு 19, ஊர்ப்புறக் காவலான ஜெண்டார்மெரிக்கு 177, ஆம்புலன்சுக்கு 15.

ஆண் தொண்டர்களுக்கு என்னால் அதிகம் சொல்ல முடியாது. என்னோடு வந்த பையன்கள் சமையலறைக்குள் கால்வைக்கவில்லை. ஹம்மாமுக்கும் காபிக் கடைக்கும் வீட்டு அப்பாவோடோ அண்ணனோடோ போனார்கள். வீட்டுப் பெண்ணோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள், தெரிந்திருக்க வேண்டும்.

தனிமை என்ற ஆடம்பரம்

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது குளிரோ உணவோ அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணிநேரம் உட்கார்ந்தால், உடம்பு சரியில்லையா, யாராவது மனம் நோகப் பேசினார்களா என்று வரிசையாக வந்து பார்ப்பார்கள். 'கொஞ்சம் தனியாக இருக்கிறேன்' என்பதற்கு அந்த வீட்டில் அர்த்தமே இல்லை. 'படிக்கப் போகிறேன்' என்பதற்கு அர்த்தம் உண்டு. புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். துணி காயப்போடும் நேரமாகப் பார்த்துப் போனால் வேலை செய்ததாகவும் ஆகும். இரவில் தாரிஜாவில் குரல் மாற்றிய துருக்கித் தொடர்கள் ஓடும். ஒரே போர்வைக்குள் ஐந்து பேராக அதைப் பார்ப்பதைவிடச் சிறந்த மொழி வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

ஊருக்குப் பேசுவதற்குக் கணக்கு: இந்தியா, இலங்கையைவிட மொராக்கோ நாலரை மணிநேரம் பின்னால். ரமலானில் அங்கே கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளுவார்கள், அப்போது ஐந்தரை.

ரமலானில் நோன்பிருக்கச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். பகலில் வெளியில் மட்டும் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. ஒரு நாளாவது சேர்ந்து இருந்து பாருங்கள். மாலை வாங்கொலிக்குப் பின் பேரீச்சம்பழமும் ஹரீரா சூப்பும் தேனில் தோய்த்த ஷபாகியாவும் அப்போதுதான் முழுதாகப் புரியும். மாதவிலக்கு நாள்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை, ஆனால் ஆண்கள் கண்முன் சாப்பிடமாட்டார்கள். நோன்பில்லாத விருந்தாளிக்குத் தட்டு எடுத்துப் போகிறோம் என்ற சாக்கில் எங்கள் வீட்டுப் பெண்கள் என் அறையில் நடத்திய விருந்துகளை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை

'தார் ஷபாப்' எனப்படும் இளைஞர் இல்லம் மாலையில்தான் உயிர்பெறும். காலையில் போய் நின்றால் பூட்டைத்தான் பார்க்கலாம். முதல் மாதம் திட்டம் எதையும் அறிவிக்காதீர்கள். போய் உட்காருங்கள், சதுரங்கம் ஆடுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி இறுதித் தேர்வு. பெரிய பிள்ளைகள் காணாமல் போவார்கள். ரமலானில் எல்லாமே இரவுக்கு மாறும்.

தொண்டு என்பதை வெளியிலிருந்து வந்த நாம்தான் அங்கே கொண்டுபோகிறோம் என்ற எண்ணம் இருந்தால் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். 1957 கோடையில், விடுதலை பெற்ற மறு ஆண்டே, விடுதலைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான மெஹ்தி பென் பர்காவின் முயற்சியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மொராக்கோ இளைஞர்கள் ரீஃப் மலையில் கூடி, தவ்னாத்துக்கும் கெதாமாவுக்கும் இடையே கையால் சாலை போட்டார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதியையும் ஸ்பெயின் ஆட்சியில் இருந்த பகுதியையும் இணைத்ததால் அதற்கு 'ஒற்றுமைச் சாலை' என்று பெயர். கிராமங்களில் அறுவடைக்கும் வாய்க்கால் வெட்டவும் ஊரே கூடும் 'த்வீஸா' அதைவிடப் பழையது.

கிளம்பும்போது

பெட்டியில் பாதி இடத்தைக் காலியாக வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் அடைத்த ஆலிவ் எண்ணெய், வறுத்த மாவும் பாதாமும் சேர்ந்த ஸெல்லூ, உங்கள் அம்மாவுக்கு ஒரு ஜெல்லாபா, யாரென்றே தெரியாத உங்கள் பாட்டிக்கு ஒரு கம்பளிப் போர்வை எல்லாம் வரும். மறுக்க வேண்டாம். எண்ணெய்ப் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிப் போர்வைக்கு நடுவில் வையுங்கள். நான் ஒரே பைதான் சுற்றினேன். என் புத்தகங்களில் இன்றும் ஸெஃப்ரூ மணக்கிறது.